மூக்கில் வந்திருக்கலாம்

எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் கண்ணாடிக்காரர் முதலில் பார்ப்பது மூக்கைத்தான். முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர், பழக்க தோஷம். "சரிவு மூக்கு. கனமான ஃபிரேம் போட்டா வாய்ல வந்து நிக்கும்" என்று மருத்துவமனை பெஞ்சில் இருந்தபடியே மனைவியின் காதில் ஓதுவார். முன்பின் தெரியாதவரின் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தளர்ந்த கம்பியை இரண்டு விரலால் வளைத்துத் திருப்பிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டவர் ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லாவிட்டால் அன்று முழுக்க முகம் தொங்கிப் போகும்.

அந்த பெஞ்சில் அவருக்கு ஆகாத மூக்கு ஒன்றே ஒன்றுதான். அது பேக்கரிக்காரருடையது.

இருவருக்கும் ஒரே வியாதி, பிளாஸ்மாசைட்டோமா. லட்சத்தில் ஒருவருக்கு வருவதே அபூர்வம் என்று டாக்டர் சொன்னபோது, பயத்துக்கு நடுவிலும் கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. கிருமியோடு மல்லுக்கு நிற்க வேண்டிய ஓர் உயிரணு, புத்தி கெட்டுப்போய் ஒரே இடத்தில் பெருகிக் கட்டியாகிவிடுகிறது; அவ்வளவுதான் விஷயம். இவருக்கு அது இடது தோளை ஒட்டிய காறை எலும்பில் வந்தது. கடைப் பெட்டியைத் தூக்கிய வலி என்று ஆறு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரருக்கு மூக்கின் உள்ளே, சதையில். ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு ரத்தம் கசிந்ததை அவர் மாவுத் தூசி என்று விட்டுவிட்டாராம். இருவருக்கும் ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டியைக் கரைத்தார்கள்.

கதை அதோடு முடிந்திருந்தால் வம்பே இல்லை. டாக்டர்தான் வாய் தவறி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். எலும்பில் வந்தால் பின்னால் மஜ்ஜை முழுவதும் பரவ வாய்ப்பு அதிகம்; சதையில் வந்தால் குறைவு. எதற்கும் இருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. நோய் நொடியில்லாமல் தெருவில் போகிற ஆயிரம் பேர் மேல் அவருக்கு ஒரு பொறாமையும் கிடையாது. பொறாமை எல்லாம் இந்த ஒருவர் மேல்தான்.

"குடுத்து வச்ச மனுஷன். வர்றதுதான் வந்துச்சு, எனக்கும் மூக்குல வந்திருக்கக் கூடாதா?"

"அடுத்தவங்க வியாதி மேல கண்ணு வைக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் மனைவி.

பேக்கரிக்காரருக்கு ரத்தம் எடுக்க முதல் குத்திலேயே நரம்பு அகப்படும். இவருக்கு நாலு குத்து குத்தினாலும் நழுவும். டாக்டர் அறைக்குள் அவர் போனால் இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார் அந்த மனுஷன். இவ்வளவுக்கும் மேலே, நல்லவர் வேறு. "அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பன் கொடுப்பார். கண்ணாடிக்காரர் இரண்டையும் தின்றுவிட்டு, "வெண்ணெய் ஜாஸ்தி" என்று குறை சொல்வார்.

சென்ற முறை கண்ணாடிக்காரரின் ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் ஒரு நூல் கூடியிருந்தது. பரவியிருக்கிறதா என்று பார்க்க உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த பத்து நாளும் கடையில் அவர் ஒரு மூக்கையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூரப் பார்வைக்குக் கேட்டவருக்குப் படிக்கிற கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"எனக்குப் பரவிட்டா அவன் வந்து ஆறுதல் சொல்வான் பாரு. வியாதியைக்கூடத் தாங்கிக்குவேன், அதைத்தான் தாங்க முடியாது" என்றார் மனைவியிடம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கூப்பிட்டார். "எலும்பெல்லாம் சுத்தமா இருக்கு. புரதமும் இறங்கிடுச்சு. மூணு மாசம் கழிச்சு வாங்க."

உள்ளே போகும்போது மனைவியின் தோளைப் பிடித்திருந்தவர், வெளியே வரும்போது அவளுக்கு நாலடி முன்னால் வந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

"இரு, அவன் வரட்டும். இன்னைக்காவது நானும் நாலு வார்த்தை சிரிச்சுப் பேசிட்டு வரேன்" என்று, ரிப்போர்ட் உறையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பேக்கரிக்காரர் அடுத்த அறையில் இன்னொரு டாக்டரிடம் இருந்தார். ஐந்து நிமிடம் போயிற்று. இருபது ஆயிற்று. நாற்பதாவது நிமிடம் கதவைத் திறந்துகொண்டு வந்தவர், எப்போதும்போல் சிரிக்கப் பார்த்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"ஸ்கேன்ல முதுகெலும்புல மூணு இடம், இடுப்புல ஒண்ணுங்கறாங்கண்ணே. அடுத்த வாரமே ஊசி ஆரம்பிக்கணுமாம். இனிமே நானும் உங்க எலும்புக் கட்சிதான்."

கண்ணாடிக்காரர் இரண்டு வருஷமாக ஏங்கிய இடம் கைக்கு வந்திருந்தது. அவருக்கு அது வேண்டாம் போலிருந்தது.

"உங்க ஸ்கேன் என்னண்ணே ஆச்சு?"

கேட்டவரின் பார்வை உறையின் மேல் இருந்தது. அது எப்படிப்பட்ட பார்வை என்று கண்ணாடிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னும் கூப்பிடலை தம்பி" என்றவர், உறையைத் தொடைக்கு அடியில் தள்ளி, அதன் மேல் நன்றாக அழுந்த உட்கார்ந்துகொண்டார்.