மேலே ஏறாத ஆயில்

என் வீட்டுக்காரருக்கு எஞ்சின் ஓடினால் பேச்சு வரும். ஓடாவிட்டால், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஓசூரை அடுத்த ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டி வாடகைக்குப் பிடித்த தகர ஷெட்டில், கிருஷ்ணகிரி பாயின் பழைய கார் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. எஞ்சினை முழுக்கப் பிரித்து, புதுசாகக் கோத்து, திரும்ப ஏற்றியாகிவிட்டது. அன்றைக்கு ஸ்டார்ட் செய்துபார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பாய்க்கு மாம்பழ மண்டி. கல்லாவியில் இருக்கும் என் அண்ணன் அவருக்குத்தான் காய் போடுவான், அந்தப் பழக்கத்தில் வந்த வேலை. இந்தக் காரை நல்லபடியாக ஓடவைத்துக் கொடுத்தால், சீசன் முடிந்ததும் தன் பிக்கப் வண்டிகள் எல்லாம் எங்கள் ஷெட்டுக்குத்தான் வரும் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். இவர் வேலை பார்த்த கம்பெனியில் எஞ்சின் லைனையே மூடி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் வேலை இது.

இன்னொரு பக்கம் பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை. ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். யூனிஃபார்முக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது. இதை எனக்கு எப்போது சொன்னார் தெரியுமா? சாப்பிடும்போது, ரசம் கேட்கிற மாதிரி. செக்யூரிட்டி வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிற மனுஷன் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கார் ஓடினால் ஷெட், ஓடாவிட்டால் யூனிஃபார்ம்.

அந்த எஞ்சினில் ஒரு ஆபத்து இருந்தது. உள்ளே சுற்றுகிற கிராங்க்கை, தேய்ந்ததற்காக ஏற்கெனவே கடைசி அளவுவரை கடைசல் பிடித்தாகிவிட்டது. ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடிக் கீறல் விழுந்தால் போச்சு, இனிமேல் கடைய இடமில்லை. வேறு கிராங்க் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. அதனால் ஆயில் ஓடுகிறதா என்பதுதான் எங்களுக்கு எல்லாமே.

முதல் தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. ஆயில் மீட்டர் முள் மட்டும் அசையவில்லை. உடனே நிறுத்திவிட்டார். பம்ப் காய்ந்து கிடக்கிறது, காய்ந்த பம்ப் ஆயிலை உறிஞ்சாது, அதன் பல்சக்கரங்களுக்கு நடுவில் வாஸ்லின் அடைத்தால் பிடித்து இழுக்கும், பிறகு அது ஆயிலோடு கரைந்துபோகும் என்று முனகினார். நான் மருந்துக் கடைக்கு ஓடினேன். அவ்வளவு பெரிய டப்பா எதற்கு, யாருக்கு என்ன ஆச்சு என்று கடைக்காரர் பதறினார். எஞ்சினுக்கு என்றேன்.

வாஸ்லினை அடைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டார். முள் ஒரு தடவை துடித்து, மெதுவாக மேலே ஏறியது. போன உயிர் வந்தது எனக்கு. பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் எஞ்சின் தலையிலிருந்து டக்டக் என்று ஒரு சத்தம். வால்வு இடைவெளியைச் சரிசெய்துபார்த்தார். சூடேறியதும் சத்தம் திரும்ப வந்தது. மேல்மூடியைக் கழற்றினால், வால்வுகளை அமுக்குகிற ராக்கர் எல்லாம் எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி வறண்டு கிடந்தன. கீழே ஆயில் இருக்கிறது, மீட்டரும் ஜோராகக் காட்டுகிறது, மேலே மட்டும் ஒரு சொட்டு ஏறவில்லை.

பக்கத்து ஷெட்டில் லேத் வைத்திருப்பவர் வந்து எட்டிப்பார்த்தார். கன்னடம் பாதி தமிழ் பாதியாக, பிளாக்குக்குள்ளே ஆயில் போகிற வழியில் கடைசல் தூள் அடைத்திருக்கும், எஞ்சினை இறக்கி முழுக்கப் பிரித்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். இவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் எறக்கணும்னா என்னால ஆவாது. பாய்க்குப் போன் போடு. வண்டிய எடுத்துக்கட்டும்."

எனக்கு வந்ததே கோபம். யாரோ எட்டிப்பார்த்துச் சொன்னதற்கு இவர் கடையைக் கட்டுகிறார்! நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். கோளாறு என்று வந்தால், எதுவரைக்கும் சரியாக இருந்தது என்றுதான் எங்கள் பிரிவில் முதலில் பார்ப்போம். ஆயில் எதுவரைக்கும் ஏறுகிறது என்று கேட்டேன். தெரியாது என்றார்.

"தெரியாதுன்னா பாத்துட்டுப் போன் போடலாங்க. போன் எங்கயும் ஓடிப்போவாது."

முறைத்தார். ஆனாலும் ஸ்பேனரை எடுத்தார்.

ராக்கர் பூட்டியிருந்த தண்டை அதன் தாங்கிகளோடு கழற்றித் தனியாக வைத்தார். தாங்கி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. கீழேயிருந்து ஆயில் வருகிற வாய் அதுதான். நான் காருக்குள் உட்கார்ந்து ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். "வருது" என்றார். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். அந்த ஓட்டையிலிருந்து ஆயில் ஊற்றுப்போலக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பிளாக்கில் அடைப்பு இல்லை, எஞ்சினை இறக்க வேண்டாம். தண்டிலும் அடைப்பில்லை, கம்பி விட்டுப் பார்த்துவிட்டார். ஆனால் தண்டைத் திரும்பப் பூட்டினால் மறுபடியும் வறட்சி.

இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒவ்வொரு தாங்கிக்கும் அடியில் வைக்கிற மெல்லிய தகடு மட்டும்தான்.

அந்தத் தகடுகளின் கதை எனக்கு நன்றாகத் தெரியும். பழையவை துருவேறி அரித்துப்போயிருந்தன. அதனால் ஒன்றை எடுத்து, ஓசூரில் லேசரில் தகடு வெட்டுகிற இடத்தில் சாம்பிளாகக் கொடுத்து, அதேபோல நான்கு வாங்கி வந்தோம். நானே வெர்னியர் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அளந்தேன். நான்கும் சாம்பிளைப்போல அச்சு அசலாக இருந்தன. சபாஷ் என்று பாஸ் செய்தேன். வேறென்ன செய்வோம்? இத்தனை வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சம்பளம் வாங்கியது, சாம்பிளைப்போல எல்லாப் பீசும் இருக்கிறதா என்று பார்த்துத்தானே?

தாங்கிகள் நான்கும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் ஒரே ஒரு தாங்கிக்கு அடியில்தான் ஆயில் வாய் இருக்கிறது. அந்தத் தகட்டில் மட்டும் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ஓட்டை வேண்டும். மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக்கொண்டிருந்த பழைய தகடுகளை அவர் துழாவி எடுத்தார். ஒன்றில் குட்டி ஓட்டை இருந்தது. சாம்பிளாகக் கொடுத்தது அந்தக் குட்டி ஓட்டை இல்லாத தகடு. தடுத்து நின்றது தூளுமில்லை தும்புமில்லை, நாங்கள் அளந்து பாஸ் செய்து வைத்த தகடேதான்.

"நாலும் ஒண்ணுபோல இருந்ததுதான் தப்பு" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நல்லவேளை, என் சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லை. அவரும் சிரித்தார். பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். தகட்டில் ஓட்டை போட்டு, பிசிறை அரத்தால் தேய்த்து, துடைத்துப் பூட்டினார். சுற்றவிட்டதும் ஒவ்வொரு ராக்கராக ஆயில் கசிந்து பளபளவென்று நனைந்தது. ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை இரண்டு பேரும் காதைக் கொடுத்து நின்றோம். டக்டக் வரவில்லை.

பாய்க்கு அவரே போன் செய்து, நாளைக்கு வந்து ஓட்டிப்பாருங்கள் என்றார். அடுத்து ஏஜென்சிக்காரருக்கும் போன் போட்டு, வேலைக்கு வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. வேலை போனதிலிருந்து, நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் தூங்குவதுபோலச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஷெட்டைப் பிடித்த பிறகும் அப்படித்தான். என் பஸ் போனபிறகுதான் எழுந்திருப்பார். முன்பெல்லாம் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். நானும் சத்தமில்லாமல் அவர் டிபனை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவேன்.

அன்றைக்கு அவர் சோப்புத்தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"திங்கக்கெழம நீ கெளம்பறப்ப என்னயும் எழுப்பு."

"தூங்கினாத்தானே எழுப்பறதுக்கு" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதுவிட்டேன்.