எறும்பு வளைகளுக்கு அடித்த வெள்ளை முளைகள்

காலையில் போய்ப் பார்த்தால், நான் அடித்த நாற்பத்தொரு முளைக்குச்சிகளில் ஒன்றுகூட இல்லை.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் எனக்குத் தற்காலிக வேலை. சேலையூருக்கு அப்பால் புதர்க்காட்டில், எறும்பு வளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். வளைக்கு ஒரு வெள்ளை முளை. முளைக்கு முளை டேப். அதற்கு முன் அனாட்டமி லேபில் விலா எலும்புகளின் இடைவெளியைக் காலிப்பரால் அளந்தவன் நான். அங்கே யாரும் எதையும் பிடுங்குவதில்லை.

ஆடு மேய்க்கும் கன்னியம்மா குச்சிகளைக் கட்டாகக் கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் புடுங்கினேன். இன்னா இப்போ? நெலத்த அளந்து பிளாட் போட வந்துகீற. என் ஆடு எங்க மேயும்?"

"பிளாட் இல்லம்மா, எறும்பு. ஒரு வளைக்கும் அடுத்த வளைக்கும் எவ்வளவு தூரம்னு பார்க்கிறேன்."

வாய்விட்டுச் சிரித்தாள். "அதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா? எறும்பு வூட்டு வரி கட்டுதா?"

பக்கத்து வளை எறும்பு ஒன்றை எடுத்து இந்த வளை வாயில் விட்டுக் காட்டினேன். நாலைந்து சேர்ந்து அதைக் கடித்து இழுத்தன. "கிட்ட இருந்தா சண்டை. அதான் தள்ளித் தள்ளி இருக்கு" என்றேன். நம்பினாள். அதன்பின் முளையைப் பிடுங்கவில்லை. ஆடு சாய்த்ததைக்கூட நட்டு வைத்தாள், தப்பான இடத்தில். மறுபடி அளந்தேன்.

தங்கியிருந்த அறையில் பேச ஆளில்லை. பேராசிரியர் "ஆவரேஜ் என்ன வந்தது?" என்பதோடு சரி. என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான்.

மழைக்காலம் முழுக்க லேபில் கணக்கு. தை மாதம் திரும்பப் போனால், காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி; உள்ளே பிளாட் கற்கள். கன்னியம்மா மூன்றே ஆடுகளோடு சாலையோரம் நின்றிருந்தாள்.

"ஜீப்புல வந்து வெள்ளக் குச்சி நட்டுகினு இருந்தானுங்க சார். உன் ஆளுங்க, எறும்புக்குத்தான்னு வுட்டுட்டேன்."

கம்பிக்கு உள்ளே என் முளைகள் இருந்த இடத்தைத் தேடினேன்.

"புடுங்கியிருந்தா மட்டும் நின்னுடுமா? வுடு சார்" என்று அவளே சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

களப்பணிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சர்வேக்காரர்கள் அடிக்கும் நிறத்தில் முளை அடிக்காதீர்கள். அதற்குப் பிறகு நான் நீலம்தான் பூசினேன். நீலத்தைக் கண்டு யாரும் பயப்படவில்லை. பக்கத்தில் வந்து என்ன என்று கேட்கவும் இல்லை.