அடியில் வைத்த தொகுப்பு

வாணியம்பாடியிலிருந்து என் தங்கை எழுதிய தபால் அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. மேலே "ஆடி, வெள்ளி" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். முத்திரையில் ஆண்டுக்கு இரண்டே எண்கள், முதலாவது மூன்று. அடுத்த எண் மை பரவி அழிந்துவிட்டது. அதனால் முப்பதுகளில் ஒரு ஆடி மாதம் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

"அண்ணா, டாக்டரம்மா எழுந்து நடக்கவே கூடாது என்கிறார்கள். கூரையைப் பார்த்துப் பார்த்துப் பேஜாராகிவிட்டது. சின்னச் சின்னதாகப் படிக்கிற மாதிரி ஏதாவது அனுப்பு. நீளமாக வேண்டாம், கை வலிக்கிறது. அழவைக்கிறது வேண்டாம். வயிற்றில் இருப்பதற்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார்கள்."

அதற்கு முன் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழாம் மாதம்.

நான் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தேன். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்போம். எந்தக் குழியில் தோல் என்றைக்கு இறங்கியது என்று பலகையில் நாள் எழுதி வைப்பது என் வேலை. பத்திரிகைகளில் பிடித்த கதைகளையும் கட்டுரைகளையும் கத்தரித்து, மிஞ்சிய ஆட்டுத்தோலில் அட்டை போட்டு, நானே தைத்து வைப்பேன். அப்படித் தைத்ததில் மூன்றை எடுத்தேன்.

முதலாவது கட்டுரைகள். ஓட்டைக் குடை, பக்கத்து வீட்டு ஆடு, ரயிலில் ஜன்னலோரம் கிடைக்காமல் போவது என்று ஒன்றுமில்லாத விஷயங்கள். கஞ்சி ஆறுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். படுத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்லதை நான் இன்னும் பார்க்கவில்லை. இரண்டாவது சிரிப்புக் கதைகள். பெரும்பாலும் மாமனார் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்ளும் மாப்பிள்ளைகள். மூன்றாவது சோகக் கதைகள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஒரு கதையில், குழந்தையை இழந்த ஒருத்தி அதன் சட்டையைத் தினமும் பிரித்து மறுபடியும் மடித்து வைப்பாள். கதையில் வேறொன்றும் நடக்காது.

அதை அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று என்று படித்தால் முதல் இரண்டும் பிரசவம் வரைக்கும் வரும் என்று கணக்கிட்டேன். மூன்றாவதைத் தொடும்போது மடியில் பிள்ளை இருக்கும். அதை அடியில் வைத்து, "மேலிருந்து வரிசையாகப் படி" என்று சீட்டு எழுதி, கூடையில் போட்டு, வாணியம்பாடிக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். கட்டிலருகே முக்காலி மேல் புத்தகங்கள். மூன்றாவது மேலே இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னா மாப்பிள்ளை, யார் இதை அடுக்கினது?"

தங்கையின் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஷாப்பில் குழி வேலை செய்பவர். "நான்தான் மச்சான். கூடையிலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்து வெச்சேன்."

"மேல இருந்தது அடியில போய்ட்டுதே!"

"குழி மாத்தறப்போ அப்படித்தானே போவும்? நாள் எழுதறவரு, உங்களுக்கே தெரியாதா?"

தெரியும். தோலைப் பதப்படுத்தும் பட்டைச் சாறு எல்லாத் தோலுக்கும் ஒரே மாதிரி ஏற வேண்டும் என்று, ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு மாற்றும்போது மேல் தோலை முதலில் எடுத்து அடியில் போடுவார்கள். அடியில் கிடந்தது மேலே வரும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சீட்டு எழுதும்போது தோன்றவில்லை.

"அவர்கிட்ட ஏன் கத்தறே?" என்றாள் தங்கை. "அதைப் படிச்சு மூணு நாள் ஆச்சு."

"படிச்சிட்டியா? அழுதியா?"

"ஜாஸ்தியாவே அழுதேன். மேலேர்ந்து படின்னு நீதானே எழுதினே!"

மாமியார் கொல்லையில் இருந்தார்கள். தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"என் பெட்டியிலயும் ரெண்டு சட்டை இருக்கு அண்ணா. இந்த வீட்ல அதுங்களப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, இவரும்தான். பொறந்ததே இல்லேன்ற மாதிரி. அந்தக் கதையை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

மாப்பிள்ளை பட்டைக் கறையில் பழுப்பேறிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மொதல்ல பொறந்தது பொண்ணு மச்சான். முடி ரொம்ப ஜாஸ்தி," என்றார். தங்கை அவர் பக்கம் திரும்பினாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

புரட்டாசியில் பெண் பிறந்தது, நல்லபடியாக. அந்தப் பெண்ணுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன தொகுப்பு கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், இன்றும் குடைக் கட்டுரைகளைத்தான் முதலில் சொல்கிறேன். ஆனால் எதையும் அடியில் வைப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மூன்றாவது தொகுப்பு என்னிடமே திரும்பி வந்தது. சட்டைக் கதையின் கடைசிப் பக்க ஓரத்தில், பட்டைக் கறை படிந்த கட்டைவிரல் தடம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தங்கைக்கு முன்பே அதைப் படித்துவிட்டு வேண்டுமென்றேதான் மேலே வைத்தாரா என்று அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. தங்கையும் தெரியாது என்கிறாள். ஆனால் அந்தக் காலத்தில் ஷாப்பில் புழங்கியதில் என் விரலிலும் அதே கறை இருந்தது. தடம் யாருடையது என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.