அன்னாள் கூப்பிட்ட குரல்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் நர்ஸ். சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, பெரும்பாலும் தீக்காய வார்டு. உயிர் போன உடம்பைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிவிட்டு வந்து டீ குடிக்கிற ஆள். கட்டில் தானாக ஆடியது, யாரோ காலைப் பிடித்தார்கள் என்று ஆயாம்மா வந்து நின்றால் பிரஷர் பார்த்து அனுப்புவேன். பேய், ஆவி, காத்து, கறுப்பு எதையும் நான் நம்பினதில்லை. இன்றைக்கு நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. ஆனால் ஒருத்தி மேல் எனக்குப் பொறாமை இருக்கிறது, அவள் செத்து நூறு வருசத்துக்கும் மேல் ஆகியிருக்கும், அது மட்டும் சத்தியம்.

என் வீட்டுக்காரர் தங்கராஜ் ஆங்கிலம் படித்தவர். காலண்டர், டைரி அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தார். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து, பிறகு மதுரையில் ஒரு கம்பெனி மூலமாக வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. என்ன வேலை என்றால், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்துக்கொள்கிற விஷயத்தில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டார்களே, உள்நாட்டுப் போர், அப்போதும் அது முடிந்த பிறகும் தெற்கே ஒரு மாநிலத்து ஜனங்கள் தங்கள் கவர்னர்களுக்கு எழுதின கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். அதைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இவர் கம்ப்யூட்டரில் பார்த்து, பழைய கையெழுத்தை வாசித்து, எழுத்து மாறாமல் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது சொல்வார். உப்பு கிடைக்கவில்லை என்று ஒருவர், ஒரே மகனைப் பட்டாளத்திலிருந்து விட்டுவிடுங்கள் என்று ஒரு தாய், பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று இன்னொருவர். "நம்ம கலெக்டர் ஆபீஸ் மனு நாள் மாதிரியே இருக்கு ஜெபா" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

பிறகு அவள் வந்தாள்.

பேர் ஹன்னா. நம் பைபிளில் அன்னாள் என்று வருகிறதே, அதே பேர்தான், இவரும் அன்னாள் என்றே சொல்ல ஆரம்பித்தார். கறுப்பினப் பெண், ஆனால் அடிமை இல்லை, அப்படியும் கொஞ்சம் பேர் அங்கே இருந்தார்களாம். ஊரார் துணியை வெளுத்துப் பிழைக்கிறவள். சண்டை நேரத்தில் பட்டாளத்துக்காரர்கள் அவள் புருசனை மண் வெட்டுகிற வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பி அனுப்புங்கள் என்று கவர்னருக்கு எழுதினாள். எழுதினாள் என்றால் அவளுக்கு எழுதத் தெரியாது, யாரையாவது பிடித்து எழுத வைத்து, கீழே ஒரு சிலுவைக் குறி போடுவாள். சண்டை முடிந்தது, கவர்னர் மாறினார், எப்படியோ ஊர் வந்து சேர்ந்த புருசனை ஏதோ திருட்டு வழக்கு என்று ஜெயிலில் போட்டார்கள். புதுக் கவர்னருக்கும் எழுதினாள். அவர் போய் அடுத்தவர் வந்தார், அவருக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் கையெழுத்து, ஆனால் உள்ளே பேசுகிறது அவள்தான் என்று இவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுமாம்.

"பதில் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்த மாதிரி தெரியல. ஆனாலும் விடல பாரு அவ. புருசன் மேல எம்புட்டுப் பாசம் இருந்தா இப்படி எழுதுவா!"

அந்த எம்புட்டை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அங்கேதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவருக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது வார்டையும் பார்த்து அவரையும் பார்த்தேன், வாந்தியைக் கையில் ஏந்தினேன், "ஒனக்கென்ன, நர்ஸுக்குப் பழக்கந்தான" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. எவளோ ஒருத்தி காகிதத்தில் ஒரு கோடும் குறுக்கே ஒரு கோடும் போட்டால் பாசமாம்.

அதற்கப்புறம் சாப்பாட்டில் அவள், படுக்கையில் அவள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு பைக்கில் போகும்போதும் அவள். நான் புதுச் சேலை கட்டி நிற்பேன், "இன்னைக்கு அன்னாளோட ஒண்ணு வந்திருக்கு" என்பார். எனக்கு அவமானமாகவும் இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம், இவளை எங்கே போய் இழுப்பேன்?

ஒருநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்தால் பக்கத்து வீட்டு புஷ்பம் வாசலில் நின்று, "ஒங்க வீட்டுக்கு யாருக்கா விருந்தாளி? மத்தியானம் பூரா பேச்சுச் சத்தம்" என்றாள். யாரும் வரவில்லையே என்றேன். "இல்லக்கா, பொம்பளக் குரலு. என்ன பேசுதுன்னு வெளங்கல."

உள்ளே போனேன். நம்ப மாட்டீர்கள், வீட்டில் வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டுத் துணி அவித்த வாடை. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அடிக்குமே, அதே வாடை. நான் என்ன நினைத்திருப்பேன்? எவளையோ வீட்டுக்குள் விட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், குளியலறையில் பார்த்தேன், பீரோவைக்கூடத் திறந்தேன். அவர் நாற்காலியிலிருந்து திரும்பி, "என்னத்தத் தேடுற?" என்றார்.

"யாரு வந்தா?"

"யாரும் வரல. அன்னாள் லெட்டர சத்தமா வாசிச்சுப் பாத்தேன். வாசிச்சாத்தான் சில வார்த்த பிடிபடுது."

"பொம்பளக் குரலுன்னு புஷ்பம் சொல்றா."

"அவளுக்குக் காதுல ஏதோ கோளாறு" என்று திரும்பிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாரிமுத்து அண்ணன் போன் செய்தார். பிரஸ்ஸில் இவரோடு இருந்தவர், இப்போது வெம்பக்கோட்டையைத் தாண்டி ஒரு பட்டாசு யூனிட்டில் ஆபீஸ் பொறுப்பு. சீசன் ஆர்டர் குவிகிறது, லேபிள், பில் எல்லாம் பார்க்க நம்பகமான ஆள் வேண்டும், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லு என்றார். இவருக்கு விருப்பமே இல்லை. நான் விடவில்லை. வேலை பெரிதென்று இல்லை, அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து இவரை எழுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

"நாளும் பொழுதும் ரூமுக்குள்ளயே கெடந்தா என்னத்துக்கு ஆகிறது? போயி ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு ஜெபா. அவ கடைசி லெட்டர் வரும்போல."

"அவ லெட்டர் எங்கயும் ஓடிறாது. இப்பக் கெளம்புறீகளா, நான் எங்கம்மா வீட்டுக்குக் கெளம்பவா?"

கிளம்பினார். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தார். எனக்கு மத்தியானம்தான் டியூட்டி. கதவைச் சாத்திவிட்டு நேராக அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

திரையில் அவள் கடிதம் திறந்தபடியே இருந்தது. பழுப்புத் தாள், யாரோ ஒருவரின் சாய்ந்த எழுத்து, எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. கீழே அந்தக் குறி. பெரிதாக்கிப் பார்த்தேன். தையலில் முதல் முடிச்சு விழுந்த மாதிரி கோணலாக இருந்தது, மசி திட்டாகப் படிந்திருந்தது, எழுதுகோல் பிடித்துப் பழக்கமில்லாதவள் அழுத்திப் போட்டது. இதற்கா இந்தப் பாடு என்று வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்து வாய் விட்டுப் பேசினேன்.

"ஒம் புருசன நீ தேடிக்கோ. எம் புருசன விட்ரு."

சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கம் துணி துவைக்கிற சத்தம். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடிக்கிற சத்தம். புஷ்பம்தான் துவைக்கிறாள், நான் பேசினதைக் கேட்டிருப்பாளோ என்று கூச்சமாக இருந்தது. அப்போது அந்தச் சத்தம் நின்றது. ஒரு குரல் கூப்பிட்டது.

"ஏங்க..."

என் குரல். வாட்ஸ்அப்பில் நாமே பேசி அனுப்பினதைத் திரும்பக் கேட்டால் அந்நியமாக இருக்குமே, இது நாமா என்று, அப்படி எனக்கு வெளியிலிருந்து என் குரல் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான், ஆனால் தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி நீட்டி, உயிரைக் கொடுத்து.

ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. புஷ்பம் வீட்டில் பூட்டு தொங்கியது. அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாளும் இல்லை, குழாய் காய்ந்து கிடந்தது. துவைக்கிற கல் மட்டும் முழுக்க நனைந்து, விளிம்பில் நுரை வழிந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்காத சூடு. வெயில் சூடு என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் கல் சுவரோர நிழலில் கிடக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. போன் அடித்தது, ஆஸ்பத்திரி. "சிஸ்டர், வெம்பக்கோட்டப் பக்கம் வெடி. ஆளுகளக் கொண்டுட்டு வாராங்க, ஒடனே வாங்க." எந்த யூனிட் என்று கேட்டேன். சொன்னார்கள். மாரிமுத்து அண்ணன் யூனிட்.

இவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. போட்டேன், போட்டேன், எடுக்கவில்லை. ஆட்டோவில் என்ன ஜெபம் பண்ணினேன் என்றுகூட ஞாபகமில்லை. வார்டில் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சர் வரும்போதும் முகத்தைப் பார்க்க மாட்டேன், முதலில் காலைப் பார்ப்பேன், அவருடைய கால் எனக்குத் தெரியும். கை தானாக ஊசி போடுகிறது, டிரிப் ஏற்றுகிறது, கண் கால்களைப் பார்க்கிறது. அவரவர் வீட்டிலும் ஒருத்தி இப்படித்தானே தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கக்கூட எனக்கு அன்றைக்கு இடமில்லை. மாரிமுத்து அண்ணனைக் கொண்டுவந்தார்கள், இரண்டு கையும் வெந்திருந்தது, நினைவு இருந்தது. பிழைத்துக்கொண்டார், இப்போது நன்றாக இருக்கிறார்.

"அண்ணே, அவரு எங்கண்ணே?"

"வரலயேம்மா. வெம்பக்கோட்ட அணைக்கிட்ட வந்துட்டேன்னு போன் பண்ணுனான். அவனுக்காக ஆபீஸ விட்டு வெளிய வந்து நின்னேன், அதான் கையோட போச்சு. உள்ள ஒக்காந்திருந்தவுகள்லாம்..."

இவர் சாயங்காலம் வார்டு வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி, கரியைத் தவிர ஒரு கீறல் இல்லை. வெடித்த பிறகு ஓடிப்போய் ஆட்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியிருக்கிறார், போன் எங்கேயோ விழுந்துவிட்டது. நான் கட்டிப்பிடித்து அழ நினைத்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"நீ எப்படி அங்க வந்த?"

"எங்க?"

"அணையத் தாண்டினதும் பின்னாலருந்து ஏங்கன்னு கூப்பிட்டயே. பைக்க நிப்பாட்டித் திரும்பிப் பாக்கேன், தூரத்துல நடு ரோட்டுல நீ நிக்குற. தலையில துணியக் கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் ஈரமா. என்னமோ ஏதோன்னு வண்டியத் திருப்பிட்டு வந்தேன். கிட்ட வந்தா ஆளக் காணும். தார் ரோட்டுல தண்ணி சொட்டிக் கெடந்துச்சு, அதுவும் கண்ணு முன்னாலயே காஞ்சிருச்சு. அப்பத்தான் பின்னால வெடிச்சது."

கேளுங்கள், அத்தனை அழுகைக்கும் நடுவில், அந்த மருந்து வாடைக்கு நடுவில், என் நெஞ்சில் முதலில் வந்தது நன்றி இல்லை. நான் அவரை அங்கே அனுப்பினேன், அவள் திருப்பிக் கொண்டுவந்தாள். தன் புருசனுக்காக அத்தனை கவர்னருக்கு எழுதியும் நடக்காததை என் புருசனுக்குச் செய்திருக்கிறாள், அதுவும் என் குரலில். அவருக்கு ஆபத்து என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? அவளுக்கு எப்படித் தோன்றியது? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன், கர்த்தர் காப்பாற்றினார் என்றேன். அவள் பேரைச் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

வீட்டில் எனக்குக் கேட்டதை இவரிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கடித வேலையும் கொஞ்ச நாளில் முடிந்துவிட்டது. கடைசிக் கடிதம் வந்ததா, என்ன எழுதியிருந்தாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது பாடப்புத்தகம் அடிக்கிற பிரஸ்ஸுக்குப் போகிறார். அன்னாள் என்ற பேச்சே வீட்டில் இல்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு "ஏங்க" என்று கூப்பிட்டேன். கொஞ்ச நாளாகவே கவனிக்கிறேன், கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார், ஒரு நொடி அப்படியே இருந்து, பிறகுதான் தலையைத் திருப்புவார். காது மந்தமாகிறதோ, டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டேன்.

"காது நல்லாத்தான் கேக்குது" என்றார். "ஒவ்வொரு தடவயும் ரெண்டு வாட்டி கேக்குது ஜெபா. அதான் நின்னு திரும்புறேன்."

நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுகிறேன்.

"மொதல்ல கேக்குறது யாரு, நானா அவளா?" என்று கேட்டேன்.

அவர் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.