காணாமல் போன பூனைக்கு நான் எழுதிய விளம்பரம்

இப்போது எங்கள் வீட்டுப் பூனைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறேன். அதற்கு முன் பதுளையில் ஒரு ரெக்கார்டிங் கடையில் விளம்பர வாசகம் எழுதினேன். லவுட்ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ தேயிலைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போகுமே, அதுதான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். அப்படியும் பயம் போகாது.

ஒரு மழை நேரத்தில் எங்கள் சீனியைக் காணவில்லை. அதன் பின்னங்காலில் புண். நனைந்தால் அழுகிவிடும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்பவர். "பூனைதானே, வரும்" என்றார். ஆனாலும் வேலை முடிந்து வந்தவுடன் சீனியின் தட்டைக் கழுவி வாசலில் வைப்பார்.

கடை முதலாளி, "எழுதிக் குடும்மா, ஆட்டோ அந்தப் பக்கம்தானே போகுது" என்றார். எழுதினேன். "பொன்னிற மேனி, பட்டுப் போன்ற ரோமம், கண்டவர் மனம் கவரும் எங்கள் சீனியைக் கண்டீர்களா?" முதலாளி பின்னால் வீணையும் போட்டார்.

வந்ததெல்லாம் அழகான பூனைகள். ஒரு அக்கா ரிப்பன் கட்டிய குட்டியோடு வந்து, "பட்டு மாதிரி இருக்கு பாருங்க" என்றார். ஒருவர் போன் எடுத்து, "என்ன வெலைக்கு விக்கிறீங்க?" என்று கேட்டார். சீனி மட்டும் வரவில்லை. மழையும் விடவில்லை.

வீட்டுக்காரர் அன்றுதான் ஆட்டோ விளம்பரத்தைக் கேட்டிருக்கிறார்.

"என்னா புள்ள இது, கல்யாணத் தரகர் பேசுற மாதிரி?"

"நொண்டிப் பூனைன்னு சொன்னா யாருங்க தேடுவாங்க?"

"இதக் கேட்டுட்டு நம்ம சீனியப் பாத்தா, இது இல்லன்னு வெரட்டித்தான் விடுவாங்க."

மறுநாள் அவரையே கடைக்குக் கூட்டிப்போனேன். வீணை இல்லாமல் மைக்கில் அவரே சொன்னார்.

"எடது காது கிழிஞ்சிருக்கும். பின்னங்கால் நொண்டும். மேல மருந்து நாறும். வயித்தத் தொட்டா கடிக்கும். பேரு சீனி." கொஞ்சம் நிறுத்தினார். "வீட்டுல தேடுறோம்."

கடைசி இரண்டு வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. முதலாளி அதை வெட்டாமல் அப்படியே விட்டார்.

அன்று சாயங்காலமே தோட்டத்தின் பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். "நீங்க சொன்ன பூனை எங்க லயத்து வீட்டுக் கோழிக்கூட்டு மேல படுத்திருக்குங்க. மொதல்ல வெரட்டிட்டோம். பட்டுன்னு சொன்னாங்களே, இதா இருக்காதுன்னு."

"கடிச்சிச்சாங்க?"

"எங்க வீட்டுக்காரரக் கடிச்சிருச்சி."

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் மருந்துப் போத்தலோடு நின்றார்.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. புத்தகம் எழுதும்போது இன்றைக்கும் கை தானாகப் பொன், பட்டு என்று போகும். "இதா இருக்காதுன்னு" என்று அந்தப் பெண் சொன்னது உடனே நினைவுக்கு வரும். அந்த வரியை அடித்துவிட்டு, கிழிந்த காதிலிருந்து ஆரம்பிப்பேன்.