வெள்ளிக்கிழமை கேட்கும் கேள்வி

இரும்பை வெகுநேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் ஒரு வாடை ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பத்து வயதில் எனக்கு வியாழக்கிழமை என்றாலே அந்த வாடைதான். மைசூரின் ஓரத்தில் இருந்த அந்த தர்காவில் ரோஜாவும் ஊதுபத்தியும் கலந்து ஆளைத் தூக்கும் என்பார்கள். நானோ செல்வி அத்தையின் கணுக்காலில் பூட்டியிருந்த சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தபடி குழாயடியில் நின்றிருப்பேன். அம்மா அத்தைக்குத் தலைக்கு ஊற்றுவாள், அப்பா கூட்டத்தில் முண்டியடித்து, அங்கே அடங்கியிருக்கும் பாபாவின் சமாதிக்குப் பூ போடப் போயிருப்பார்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நாங்கள் ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவர்கள்; அப்பாவுக்குப் பட்டு நூல் முறுக்கும் ஆலையில் வேலை, ஒற்றை அறை வீடு. பெற்ற குழந்தை மூன்றாம் நாளே போய்விட, அத்தைக்குப் புத்தி கலங்கிவிட்டது. புருஷன்காரன் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என் பாட நோட்டுகளைக் கிழித்தாள், ஒருநாள் என் தோளைக் கடித்துக் குதறினாள். "உங்க தங்கச்சிக்கு வைத்தியம் பார்க்கறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்" என்று அம்மா புலம்ப, யாரோ தர்காவைச் சொன்னார்கள். நம்ம சாமி, அவங்க சாமி என்றெல்லாம் அப்பா பார்க்கவில்லை. அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் எங்களைப் போல நெற்றியில் திருநீறு வைத்தவர்கள்தான்.

பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. சுவரில் வரிசையாக வளையங்கள், வளையத்துக்கு ஒரு மனிதர். அத்தையையும் அங்கேதான் கட்டிவிட்டு, வியாழக்கிழமைதோறும் போய்ப் பார்த்து வந்தோம். சிலரைக் கொண்டுவந்து கட்டிய குடும்பம் மறுவாரமே காணாமல் போயிருக்கும். அவர்கள் வாசலைப் பார்த்துப் பார்த்தே நாளைக் கழிப்பார்கள். பெண்களுக்கு ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. வெளியே சங்கிலியும் பூட்டும் வாடகைக்குக் கொடுக்கிற தடியன்கள் சிலர், எந்தப் பேய்க்கு எத்தனை வாரம் என்று வாய் கூசாமல் சொல்வார்கள். பாவிகள்! உள்ளே மயிலிறகால் தலையை வருடிவிடும், தர்காவைப் பார்த்துக்கொள்ளும் வயதான "முஜாவர்" மட்டும் நல்ல மனிதர். "பாபாகிட்ட துவா கேளுங்க, டாக்டருக்கும் தோர்ஸி" என்று, காட்டுங்கள் என்பதைக் கன்னடத்தில் சொல்லி, வாராவாரம் அப்பாவிடம் மன்றாடுவார்.

ஆனால் அப்பா "உத்தரவு"க்குக் காத்திருந்தார். கட்டிப்போட்டவரை வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் கனவில் பாபா வந்து போகச் சொல்ல வேண்டும் என்பது அங்கு வருகிறவர்களின் நம்பிக்கை. வியாழக்கிழமை கவுச்சி கிடையாது. சமாதியிலிருந்து எடுத்துவந்த ரோஜா இதழைத் தலையணைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பல் துலக்கும்போதே அப்பா ஒவ்வொருவராகக் கேட்பார்: "கனவு கினவு ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?"

நான்கு மாதம் யாருக்கும் எதுவும் வரவில்லை. மழைக்காலம் பிடித்து, அத்தையின் கணுக்காலில் சீழ் வைத்தது. வாரா வாரம் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அண்ணா, ஊட்டுக்குப் போலாமா?" கடைசியில் அப்பாவின் மனது இளகியது. கனவு வராவிட்டால் போகிறது, ஞாயிற்றுக்கிழமை அழைத்துவந்து மறுநாள் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று ஒரு புதன்கிழமை சொன்னார். அம்மா எழுந்து, அத்தைக்கு இடம் ஒழித்து, என் பாயை அதற்குப் பக்கத்தில் போட்டாள். என் தோளில் பல் பதிந்த தழும்பு அப்போதும் மறையவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கேட்டபோது, வந்துச்சு என்றேன். பச்சைத் துணி போர்த்திய தாத்தா ஒருவர் வந்தார், செல்வி இன்னும் கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும் என்றார் என்று, வாயில் பற்பொடி நுரையோடு, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பச்சைப் பிள்ளை வாயில் பொய் வராது என்று அம்மாவிடம் சொல்லி என் தலையில் கைவைத்தார். நான் வாய் கொப்பளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

அடுத்த வியாழக்கிழமை அதை அத்தையிடமும் பெருமையாகச் சொன்னார். அத்தை என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"பாபாவே சொன்னாரா கண்ணு?"

தலையாட்டினேன்.

"அப்பச் செரி" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகலாமா என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, யாரோ புகார் கொடுத்து, அதிகாரிகள் வந்து ஒரே காலையில் எல்லாச் சங்கிலிகளையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவிழ்த்துவிட்டவர்களை எங்கே அனுப்புவது என்று யாரும் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை நாங்கள் போனபோது வளையம் இருந்தது, அவள் இல்லை. கையில் அவளுடைய கல்யாணப் போட்டோவை வைத்துக்கொண்டு அப்பா ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறைகளிலும் குண்டலுபேட்டை பஸ் நிலையத்திலும் பாலாறு செக்போஸ்ட் வரைக்கும் தேடி அலைந்தார். ஆலை வேலை போனது. அவள் கிடைக்கவில்லை.

போன மாதம் அந்த தர்காவுக்குப் போனேன். தரையெல்லாம் டைல்ஸ், மூலைக்கு மூலை கேமரா. மனநோயாளிகளை விட்டுச் செல்லக் கூடாது என்று கன்னடத்தில் ஒரு பலகை. முஜாவர் காலமாகிவிட்டாராம். கொட்டகை இருந்த இடத்தில் செருப்பு வைக்கும் அலமாரி. அதன் பின்சுவரில் வளையங்களை அறுத்துச் சிமெண்ட் பூசிய வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அத்தையுடையது எது என்று என்னால் அடையாளம் காண முடியவில்லை. வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒரு கிழவி, மகன் டீ வாங்கப் போயிருக்கிறான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் துணிவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் காலையில் தவறாமல் போன் செய்கிறார். "பாபா உனக்குத்தான் வருவாரு கண்ணு. செல்வி எங்கிருக்கான்னு ஒருக்கா கேட்டுச் சொல்லு. வந்தாரா?"

"வரலீங்கப்பா" என்கிறேன். பாபாவைப் பற்றி நான் அவரிடம் சொல்லும் உண்மை அது ஒன்றுதான்.