கதவைத் தட்டிய சத்தம்

தங்காக் என்ற சிற்றூரின் படக்கொட்டகையில் நான் டிக்கெட் கிழித்த காலத்தில் படம் ஓட்டியவர் அவர். ஒல்லியான ஆள். எந்திரச் சூட்டில் ஒரு பக்கப் புருவம் கருகிப்போயிருந்தது. அவர் திரையைப் பார்க்கவே மாட்டார். தன் அறையின் சின்ன ஓட்டை வழியாக ஜனங்களின் பிடரிகளைத்தான் பார்ப்பார்.

அடுத்த வாரமும் கொட்டகை நிறையவில்லை என்றால் இனித் தமிழ்ப் படம் கிடையாது என்று சீன முதலாளி சொல்லிவிட்டார். வரப்போகும் படத்தின் பெட்டி முன்கூட்டியே வந்திருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அன்றைய படம் முடிந்ததும் இவர் ஓட்டிக் காட்டினார். விளக்கருகில் தனியாக ஒரு பெண். மூடிய கதவு. டொக், டொக் என்று சத்தம். அவள் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. உடனே இருட்டு.

மறுவாரம் ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் லாரி ஏறி வந்து கொட்டகையை நிறைத்தார்கள். கதவைத் தட்டியவன் பால்காரன்.

ஆட்டம் முடிந்ததும் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஐயோ, அலமாக்! பாலுக்காகவா பத்து மைல் வந்தோம்? நல்லா இருக்குய்யா ஒங்க நியாயம்!"

நான் போய்ப் படம் ஓட்டுபவரிடம் சொன்னேன்.

"நான் பொய் சொல்லலியே, தம்பி. அவன் தட்டினான், காட்டினேன். எல்லார் கழுத்தும் ஆடாம நின்னுச்சு. அங்க நிறுத்தினேன்."

தமிழ்ப் படம் தப்பியது.

இரண்டாம் ஆட்டத்தில் அந்தத் தட்டல் கேட்டதும் நான் வாசலை விட்டு உள்ளே ஓடிப் பார்த்தேன். அதே பால்காரன்தான். தெரிந்தும் ஏன் ஓடினேன் என்று அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதற்குள் எத்தனை பேர் டிக்கெட் இல்லாமல் நுழைந்தார்களோ, தெரியாது.